கயிற்றுக் காப்பும் வாட்ச் பட்டையும்: கொங்குப் பக்கம் கிடைக்கிற கயிற்றில் கையால் பின்னும் முழு முறை

பாராகார்டு என்கிற பாராசூட்டுக் கயிற்றில் காப்பு பின்ன ஆசைப்படுகிறவர்கள் முதலில் செய்வது ஆன்லைனில் கயிறு ஆர்டர் போடுவது. கொங்கு நாட்டில் இருந்துகொண்டு அதற்கு அவசியமே இல்லை. ஹூடியின் கழுத்திலும் டிராக் பேன்ட்டின் இடுப்பிலும் கோக்கிற டிராகார்டு நாள் முழுக்க ஓடுகிற ஊர் திருப்பூர். ஆர்டர் முடிந்து மிஞ்சிய கயிறு, கலர் மாறிப்போன கயிறு எல்லாம் எடை போட்டு வெளியே வருகிறது. அதில் நல்லதாகப் பார்த்து எடுக்கத் தெரிந்தால் போதும்.

பின்னலில் முடிச்சு என்னவோ ஒன்றே ஒன்றுதான். அரை மணி நேரத்தில் கை பழகிவிடும். காப்பு பார்க்க லட்சணமாக வருவதும், கோணிக்கொண்டு போவதும் கயிறு, அளவு, இழுப்பு இந்த மூன்றில் இருக்கிறது. அதனால் முடிச்சைவிட இவற்றைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்போகிறேன்.

கயிறு: பாதி வேலை இங்கேயே முடிகிறது

அசல் பாராகார்டு என்பது பாராசூட்டுக்காகச் செய்த நைலான் கயிறு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வீரர்கள் இறங்கிய பிறகு அதை அறுத்து வேறு வேலைகளுக்கும் வைத்துக்கொண்டார்கள். கடையில் '550' என்று சொல்வது 550 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 250 கிலோ இழுப்பைத் தாங்கும் என்ற கணக்கு. 4 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். வெளியே பின்னிய உறை, உள்ளே 7 முதல் 9 வரை தனி இழைகள். இந்த இரண்டடுக்கு அமைப்புதான் அதை உருண்டையாகவும் வளைந்துகொடுக்கிற மாதிரியும் வைத்திருக்கிறது.

டிராகார்டும் கிட்டத்தட்ட இதே குடும்பம்தான். வட்டமாகப் பின்னிய உறை, உள்ளே சில நூல்கள் இருக்கும், சிலதில் ஒன்றும் இருக்காது. விரலுக்கு நடுவே வைத்து அழுத்திப் பாருங்கள். அப்படியே தட்டையாகப் படுத்துவிட்டால் உள்ளே காலி. காப்புக்கு உள்நூல் உள்ளதை எடுங்கள், முடிச்சு திரட்சியாக நிற்கும். காலிக் கயிறு வாட்ச் பட்டைக்கு உதவும், அதைப் பிறகு சொல்கிறேன். தட்டை நாடா இரண்டுக்குமே வேண்டாம், முடிச்சுக்குள் மடங்கி மடங்கி அசிங்கமாகிவிடும். எலாஸ்டிக் கலந்த கார்டும் வேண்டாம்.

அடுத்தது இழை. "ஏனுங்ணா, இது காட்டனுங்களா, பாலிஸ்டருங்களா?" என்று கேட்டால் பத்துக் கடையில் எட்டுக் கடை "மிக்ஸுங்க" என்றுதான் சொல்லும். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஒரு விரல்நீளத் துண்டு வாங்கிவந்து இடுக்கியில் பிடித்துப் பற்றவைத்துப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து பொடிச் சாம்பலாகும். பாலிஸ்டரும் நைலானும் நெருப்பைக் கண்டதும் சுருங்கி, உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நுனியில் உட்காரும். சாம்பலும் கட்டியும் சேர்ந்து வந்தால் உண்மையிலேயே மிக்ஸ். பக்கத்தில் தண்ணீரும், கீழே ஒரு தட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். உருகிய சொட்டு கையில் விழுந்தால் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

இதைத் தெரிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் கடைசியில் நுனியை அடைக்கிற முறை இழையைப் பொறுத்தே மாறும். வேர்வை விஷயமும் இருக்கிறது. சாதாரண ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் 8 சதவீதம் வரை ஈரம் பிடித்து வைத்துக்கொள்ளும். நைலான் 4 சதவீதம், பாலிஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை. ஈரோட்டிலும் கரூரிலும் சித்திரை வெயிலில் பருத்திக் காப்பைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் சுற்றினால் சாயங்காலம் அது நனைந்த துணிதான். கைக்கு மெத்தென்று இருப்பது பருத்தி, சீக்கிரம் காய்வது பாலிஸ்டர், இழுப்புக்கு உறுதியும் பளபளப்பும் நைலான். தினமும் போட என்னிடம் கேட்டால் பாலிஸ்டர் என்பேன்.

திருப்பூர் போக முடியாதவர்கள் கோவை டவுன்ஹால், ராஜ வீதி பக்கத்துத் தையல் சாமான் கடைகளில் கேட்கலாம். அதைவிட எனக்குப் பிடித்த இடம் மாட்டுக்கயிறு விற்கிற கடை. எல்லாச் சந்தை ஊரிலும் இருக்கும். சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச்சந்தைக்கோ, ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கோ போனால் கழுத்துக்கயிறு, மூக்கணாங்கயிறு, சலங்கைக்கயிறு, சாட்டை என்று கலர் கலராகத் தொங்கும். காங்கேயம் காளைக்குக் கட்டுகிற கழுத்துக்கயிற்றின் பின்னலை நின்று நிதானமாகப் பாருங்கள். ஒரு முடிச்சும் அடுத்த முடிச்சும் அளவு மாறாமல் இருக்கும். காப்பு பின்னுகிறவனுக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. மெல்லிய நைலான் கயிறும் அங்கேயே மீட்டர் கணக்கில் கிடைக்கும்.

ஆனால் கிணற்றுக்கும் மாட்டுக்கும் வாங்குகிற, தொட்டாலே கரகரவென்று இருக்கும் மஞ்சள், நீல பிளாஸ்டிக் கயிற்றை எடுத்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். விறைப்பாக இருக்கும், முடிச்சு தானாகத் தளரும், கையை அறுக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டைத் தண்ணீரில் நன்றாக அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு விடுங்கள். பாலிப்ரொப்பிலீன் மேலே வந்து மிதக்கும். நைலானும் பாலிஸ்டரும் மூழ்கும். பொள்ளாச்சித் தேங்காய்நார்க் கயிறு பார்க்க அழகு, தோலுக்கு ஆகாது.

வாங்கியதும் கயிற்றைச் சுடுதண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து நிழலில் காயவிடுங்கள். நைலானும் பருத்தியும் முதல் நனைப்பில் கொஞ்சம் சுருங்கும். அந்தச் சுருக்கம் பின்னுவதற்கு முன்பே நடந்துவிடட்டும். சாயம் போகிற கயிறா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

சாமான்

பரீட்சை அட்டை ஒன்று. கிளிப் இறுக்கமாக இருக்க வேண்டும், மற்றபடி எவ்வளவு பழசானாலும் சரி. பக்கிளை அந்தக் கிளிப்பில் மாட்டிவிட்டால் இரண்டு கையும் பின்னுவதற்கு மிஞ்சும். கத்தரிக்கோல், டேப், லைட்டர், சாக்கு தைக்கிற கோணி ஊசி, இவை வீட்டிலேயே இருக்கும்.

பக்கிள் என்று நான் சொல்வது ஸ்கூல் பையின் பட்டையில் இருக்கிற, இரண்டு பக்கமும் அமுக்கினால் கழன்றுவிடும் பிளாஸ்டிக் கிளிப். பை தைக்கிற சாமான் விற்கும் கடையில் 15 மில்லிமீட்டர் அளவு என்று கேளுங்கள். 4 மில்லிமீட்டர் கயிற்றுக்கு அது சரியாக இருக்கும். கிழிந்துபோன பழைய பையிலிருந்து அறுத்தும் எடுக்கலாம். பிளாஸ்டிக் பிடிக்காது என்றால் தேங்காய்த் தொட்டியில் செய்த பெரிய பொத்தான் போடலாம். ஒரு முனையில் பொத்தான், மறுமுனையில் அது இறுக்கமாக நுழைகிற கண்ணி. கையில் பார்க்க இதுதான் அழகு. ஆனால் ஒற்றைக் கையால் மாட்டிக் கழற்றப் பக்கிள்தான் வசதி. கீழே பக்கிளை வைத்தே சொல்கிறேன்.

அளவு

மணிக்கட்டில், எலும்பு மேடு தாண்டி நீங்கள் வாட்ச் கட்டுகிற இடத்தில், ஒரு நூலைச் சுற்றி அது சந்திக்கிற இடத்தைக் குறித்து அடிக்கோலில் வைத்துப் பாருங்கள். 17 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதே 17 செ.மீ. நீளத்துக்குக் காப்பு பின்னினால் கையில் மாட்டவே முடியாது. பின்னல் 9 மில்லிமீட்டர் அளவுக்குத் தடியாக வரும். அதை வட்டமாக வளைக்கும்போது உட்பக்கம் சுருங்கிவிடும். தடிமனை 3.14-ஆல் பெருக்கினால் சுமார் 2.8 செ.மீ. வருகிறதல்லவா, அந்த அளவு நீளம் வளைவிலேயே போய்விடுகிறது. அதனால் 4 மில்லிமீட்டர் கயிற்றுக்கு மணிக்கட்டு அளவோடு 2.5 முதல் 3 செ.மீ. வரை கூட்ட வேண்டும். 17 என்றால் 19.5 அல்லது 20. ஒரு விரல் உள்ளே போகிற தளர்ச்சி வேண்டுமென்றால் 20. கயிறு 2 மில்லிமீட்டர்தான் என்றால் ஒன்றரை செ.மீ. கூட்டினால் போதும்.

இந்த 20 செ.மீ. பக்கிளையும் சேர்த்து. பக்கிளைப் பூட்டினால் உள்ளே போய்விடும் அந்த இரண்டு காதுகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. எல்லோரும் அளவு தவறுவது இந்த இடத்தில்தான்.

கயிறு எவ்வளவு வேண்டும்? ஒரு இஞ்ச் பின்னலுக்கு ஒரு அடி கயிறு என்பது பொதுக் கணக்கு. 20 செ.மீ. என்பது ஏறக்குறைய 8 இஞ்ச். எட்டடி, அதாவது சுமார் 2.4 மீட்டர். நுனியில் பிடித்து இழுக்க இடம் வேண்டுமே, அதனால் 3 மீட்டராக வெட்டுங்கள். மெல்லிய கயிறுக்குக் குறைவாகப் போதும் என்று தோன்றும். அப்படி இல்லை. தடிமன் பாதியானால் ஒரு முடிச்சுக்கு ஆகிற கயிறும் பாதியாகும், ஆனால் போட வேண்டிய முடிச்சு இரண்டு மடங்காகும். நீளம் அதேதான், காப்பின் அகலம்தான் பாதியாகிறது. 4 மில்லிமீட்டரில் பின்னினால் 18 முதல் 20 மில்லிமீட்டர் அகலம் வரும், 2 மில்லிமீட்டரில் 9 அல்லது 10.

பாவு போடுவது

நெசவுக்காரர் வீட்டுப் பேச்சிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் நீளவாக்கில் நிற்கிற கயிறு பாவு, அதைச் சுற்றி ஓடுகிற கயிறு ஊடை. நம் காப்பில் பாவும் ஊடையும் ஒரே கயிற்றின் இரண்டு பகுதிகள்தான்.

3 மீட்டர் கயிற்றைச் சரிபாதியாக மடியுங்கள். மடிந்த இடத்தைப் பக்கிளின் ஒரு பாதியில் உள்ள துளைக்குள் விட்டு வெளியே இழுத்து, அந்தக் கண்ணிக்குள் இரண்டு நுனிகளையும் நுழைத்து இறுக்குங்கள். ஒரு சுருக்காக அது பக்கிளைப் பிடித்துக்கொள்ளும். இப்போது இரண்டு கால்கள் தொங்கும். அவற்றைப் பக்கிளின் மறுபாதித் துளையில் கீழிருந்து மேலே எடுத்து, ஒன்றை இடப்பக்கமும் ஒன்றை வலப்பக்கமும் மடித்துவிடுங்கள். இரண்டு பாதிகளுக்கும் நடுவே இருப்பது பாவு. மறுபாதியைத் தாண்டி வெளியே தொங்குவது ஊடை.

மறுபாதியைப் பரீட்சை அட்டையின் கிளிப்பில் மாட்டுங்கள். முதல் பாதியை உங்கள் பக்கமாக இழுத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 20 செ.மீ. இருக்கிற மாதிரி வைத்து, ஒரு நூலால் அட்டையோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். பாவு விறைப்பாக நிற்க வேண்டும். முதல் முடிச்சு போடுவதற்கு முன் இன்னொரு தடவை அடிக்கோலை வைத்துப் பாருங்கள். பின்னி முடித்த பிறகு இந்த நீளத்தை மாற்ற வேண்டுமென்றால் எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டியதுதான்.

இரண்டு கலர் வேண்டுமா? ஒன்றரை மீட்டரில் இரண்டு துண்டு எடுங்கள். உருகுகிற இழை என்றால் இரண்டு நுனிகளையும் சூடாக்கி ஒன்றோடொன்று அழுத்தி ஒட்டி, ஆறியதும் அதன்மேல் நாலைந்து தையல் போடுங்கள். வெறும் ஒட்டை நம்ப வேண்டாம். பருத்திக்குத் தையல் மட்டும், ஆனால் நெருக்கமாக. அந்த இணைப்பு முதல் சுருக்குக்குள் மறைந்துவிடும். கலர் சேர்க்கைக்கு யோசனை வராவிட்டால் பவானி ஜமக்காளத்தைப் பாருங்கள். சிவப்புக்குப் பச்சை, நீலத்துக்கு ஆரஞ்சு என்று கூச்சமே இல்லாமல் போட்டிருப்பார்கள். அது கையிலும் நன்றாகவே எடுபடும்.

முடிச்சு

இடது ஊடையை இரண்டு பாவுக்கும் மேலாக வலப்பக்கம் கொண்டுபோங்கள். இடப்பக்கம் ஒரு வளையம் நிற்கும். இப்போது வலது ஊடையை எடுத்து, வந்து கிடக்கிற நுனிக்கு மேலே வைத்து, பாவுக்கு அடியில் நுழைத்து, இடப்பக்க வளையத்துக்குள் அடியிலிருந்து மேலே எடுங்கள். இரண்டு நுனிகளையும் பக்கவாட்டில் இழுத்து, பக்கிளை ஒட்டி மேலே தள்ளி இறுக்குங்கள். இது அரை முடிச்சு.

மறுபாதி இதன் கண்ணாடிப் பிம்பம். இப்போது வலப்பக்கம் இருக்கிற ஊடையைப் பாவுக்கு மேலாக இடப்பக்கம் கொண்டுபோங்கள். இடப்பக்க ஊடையை அதன் நுனிக்கு மேலே வைத்து, பாவுக்கு அடியில் நுழைத்து, வலப்பக்க வளையத்துக்குள் மேலே எடுத்து இழுங்கள். ஒரு முழு முடிச்சு ஆயிற்று. கடைசிவரை இவ்வளவுதான்.

இரண்டு கலரில் பின்னும்போது ஒரு விஷயத்தைக் கவனித்தால் வரிசையே தவறாது. எந்தக் கலர் முதலில் பாவுக்கு மேலே போனதோ, அதே கலர்தான் எப்போதும் மேலே போகும். இன்னொன்று எப்போதும் அடியில்தான் போகும். சிவப்பை மேலே விட்டால் காப்பின் நடுவில் சிவப்புப் பட்டைகள் குறுக்காக அடுக்கிக்கொண்டு போகும், இரண்டு ஓரத்திலும் பச்சை மேடு வரிசையாக நிற்கும். நடுவில் திடீரென்று பச்சை தெரிந்தால் அந்த இடத்தில் தவறிவிட்டது என்று அர்த்தம்.

ஒரே கலர் என்றால் இந்த அடையாளம் கிடைக்காது. அப்போது ஓரத்தைப் பாருங்கள். கடைசியாகப் போட்ட அரை முடிச்சில் ஏதாவது ஒரு பக்கம் மட்டும் நெட்டுக்குத்தாக ஒரு மேடு தெரியும். அடுத்து மேலே போக வேண்டியது அந்த மேட்டுக்கு அடியிலிருந்து வெளியே வருகிற கயிறுதான். யாராவது கதவைத் தட்டினாலும் எழுந்து போய்விட்டு வந்து, மேட்டைப் பார்த்துத் தொடரலாம்.

ஒரே பக்கத்திலிருந்தே திரும்பத் திரும்பத் தொடங்கினால் காப்பு தட்டையாக வராது, திருகாணி மாதிரி சுற்றிக்கொண்டு போகும். அதையே வேண்டுமென்று செய்தால் அது ஒரு தனி அழகு. மெல்லிய கயிற்றில் சாவிக்கொத்துக்கு நன்றாக இருக்கும்.

இழுப்பு

இறுக்கமாக இழுத்தால் நல்லது என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பவர்கள் உண்டு. முதல் பத்து முடிச்சு கல்லாக இருக்கும், கை ஓய்ந்த பிறகு போட்டவை லேசாக இருக்கும், காப்பு ஒரு முனையில் ஒல்லியாகவும் மறுமுனையில் பருத்தும் வரும். எவ்வளவு இழுக்கிறோம் என்பதைவிட கடைசிவரை அதே அளவு இழுக்கிறோமா என்பதுதான் கணக்கு. முடிச்சு பாவை அசையாமல் பிடித்துக்கொள்கிற அளவுக்கு இழுத்தால் போதும்.

முதல் 2 செ.மீ. பின்னியதும் நிறுத்தி, ஓரத்து மேடுகளை எண்ணிக்கொள்ளுங்கள். அடுத்த 2 செ.மீ.யிலும் அதே எண்ணிக்கை வருகிறதா என்று பாருங்கள். குறைந்தால் தளர்ந்துவிட்டது, கூடினால் இறுகிவிட்டது. நாலைந்து முடிச்சுக்கு ஒருதரம் இரண்டு விரலாலும் பின்னலைப் பக்கிள் பக்கமாக நெருக்கித் தள்ளுங்கள். இடது கை இழுப்பும் வலது கை இழுப்பும் வேறுவேறாக இருந்தால் காப்பு ஒரு பக்கமாக வளையும். சோற்றுக்கை பலம் பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல்தான். அதைத் தெரிந்துகொண்டு அந்தக் கையை அடக்கிப் பிடிக்க வேண்டும். உள்நூல் உள்ள கயிற்றில் இன்னொன்று: பின்னும்போது கயிறு தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும். அவ்வப்போது நுனியைத் தொங்கவிட்டு முறுக்கு அவிழ விடுங்கள்.

முதல் பாதிப் பக்கிளின் சுருக்கை நெருங்கும்போது இடமே இல்லாதது போலத் தோன்றும். இன்னும் ஒரு முழு முடிச்சு நுழையும். கோணி ஊசியின் காதில் கயிற்றை மாட்டி நுழையுங்கள். அந்த முடிச்சு இல்லாவிட்டால் நாலு நாளில் அங்கே ஒரு இடைவெளி திறந்துகொள்ளும்.

நுனி அடைப்பது

பாலிஸ்டர், நைலான் என்றால் இரண்டு நுனிகளையும் பின்னலிலிருந்து 4 மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். லைட்டரின் நீல நிறச் சுடரின் ஓரத்தில் காட்டினால் உருகும். கறுக்கும்வரை பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே ஒரு கரண்டியின் பின்பக்கத்தால் பின்னலோடு சேர்த்து அழுத்துங்கள். விரலால் அழுத்தாதீர்கள். பாலிஸ்டர் உருகுவதே 250 டிகிரி செல்சியஸ் தாண்டித்தான். ஆறியதும் உட்புறத்தில் விரலால் தடவிப் பாருங்கள். கூராக ஏதாவது நெருடினால் நகம் தேய்க்கிற அரத்தால் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் நாள் முழுக்கக் கையைக் கீறும்.

பருத்திக்கு நெருப்பு உதவாது. ஒவ்வொரு நுனியையும் கோணி ஊசியில் கோத்து, காப்பின் பின்பக்கம் மூன்று நான்கு முடிச்சுகளுக்கு அடியில் செலுத்தி இழுங்கள். ஒரு சொட்டு ஃபெவிக்கால் விட்டு, காய்ந்த பிறகு ஒட்ட வெட்டுங்கள். ஃபெவிக்கால் தண்ணீரில் இளகும் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது, பிடித்திருப்பது அந்த முடிச்சுகள்தான். மிக்ஸ் கயிறுக்கும் இதே வழிதான் பாதுகாப்பு.

வாட்ச் பட்டை

காப்பு ஒன்று பின்னிய பிறகு இதற்கு வாருங்கள். முடிச்சு அதேதான். கஷ்டம் எல்லாம் வாட்ச்சோடு பட்டையைப் பிடித்திருக்கிற ஸ்பிரிங் கம்பியில், அதாவது பின்னில் இருக்கிறது.

வாட்ச்சில் அந்தப் பின் மாட்டியிருக்கிற இரண்டு கொம்புகளுக்கு நடுவே உள்ள அகலத்தை அளந்து பாருங்கள். பெரும்பாலும் 18, 20, 22 மில்லிமீட்டரில் ஒன்றாக இருக்கும். அதைவிட முக்கியம் பின்னுக்கும் வாட்ச் உடலுக்கும் நடுவே உள்ள இடைவெளி. நான்கு கயிறுகள் பக்கத்தில் பக்கத்தில் அதன் வழியாகப் போக வேண்டும். 4 மில்லிமீட்டர் கயிறு பெரும்பாலான வாட்ச்சில் நுழையாது. 3 மில்லிமீட்டர் எடுங்கள், அல்லது உள்நூலை உருவிவிட்டு உறையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முன்பு சொன்ன காலிக் கயிறு இங்கேதான் உதவுகிறது, தட்டையாகப் படுத்து எந்தச் சந்திலும் போகும். அப்பா காலத்து ஒல்லியான ஹெச்எம்டிக்கு இந்தப் பட்டையைக் கட்டாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். நுழைந்தாலும் பட்டைதான் தெரியும், வாட்ச் தெரியாது. கொஞ்சம் தடியான, வட்ட டிஜிட்டல் அல்லது ஸ்போர்ட்ஸ் வாட்ச்சுக்கு எடுப்பாக இருக்கும். பட்டையும் உடலும் ஒரே பிளாஸ்டிக் வார்ப்பாக வருகிற வாட்ச்சுக்கு இது முடியவே முடியாது.

இனி கணக்கு. மொத்த நீளம் 19.5 செ.மீ., பூட்டிய பக்கிள் 3.5 செ.மீ., ஒரு பின்னிலிருந்து மறு பின் வரை 4 செ.மீ. என்றால் மிச்சம் 12. பக்கிள் மணிக்கட்டின் அடியில் நேராக உட்கார வேண்டும், ஆகவே இரு பக்கமும் 6 செ.மீ. பின்னல். வாட்ச்சின் கண்ணாடி மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

கயிற்றை மடித்துப் பக்கிளின் முதல் பாதியில் சுருக்குப் போடுவது வரை காப்பு மாதிரியே. பிறகு இரண்டு கால்களையும் முதல் பின்னுக்கு மேலாக விட்டு, பின்னுக்கும் உடலுக்கும் நடுவே கீழே இறக்கி, வாட்ச்சின் அடியாகக் கொண்டுபோய், மறுபக்கம் மேலே எடுத்து, இரண்டாவது பின்னுக்கு மேலாக வெளியே விடுங்கள். அப்புறம் பக்கிளின் மறுபாதி. மறுபாதியிலிருந்து வாட்ச்சை நோக்கிப் பின்னிக்கொண்டு வாருங்கள். பின்னை ஒட்டியதும் நிறுத்தி, இரண்டு ஊடைகளையும் பாவு போன அதே வழியில், பாவுக்கு இரு புறமும் ஒன்றொன்றாக, வாட்ச்சின் அடியில் செலுத்தி மறுபக்கம் எடுங்கள். அடியில் நான்கும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தட்டையாகக் கிடக்க வேண்டும். ஏறினால் வாட்ச் கையில் ஆடும். பிறகு முதல் பாதிவரை பின்னி முடியுங்கள். மறுபக்கம் தொடரும்போதும் முதல் பக்கத்தில் மேலே ஓடிய கயிறுதான் மேலே ஓட வேண்டும்.

பின் வழியாகக் கயிறு போகாவிட்டால் பின்னைக் கழற்றி, கயிற்றை வைத்துவிட்டுத் திரும்ப மாட்டலாம். ஸ்பிரிங் தெறித்து ஓடும், ஒரு துணி விரித்துக்கொண்டு செய்யுங்கள். கை வராவிட்டால் வாட்ச் ரிப்பேர் கடையில் கொடுங்கள், ஒரு நிமிட வேலை. பழைய பின் துருப்பிடித்திருந்தால் அப்போதே மாற்றிவிடுங்கள். இந்த முறையில் ஒரு பின் தெறித்தாலும் இன்னொன்று கயிற்றில் மாட்டிக்கொண்டிருப்பதால் வாட்ச் கீழே விழாது. செல் மாற்றும்போதும் பட்டையை அவிழ்க்க வேண்டாம், இரண்டு பின்னையும் கழற்றினால் வாட்ச் தனியாக மேலே வந்துவிடும்.

போட்டுக்கொள்ளும்போது

இந்தப் பக்கத்தில் இதைச் சொல்லாமல் விடக் கூடாது. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறியில் நிற்பவர்கள், கோவையில் லேத்திலும் டிரில்லிலும் வேலை செய்பவர்கள், தோட்டத்தில் சோளத்தட்டு வெட்டுகிற மிஷினையும் பெல்ட் ஓடும் மோட்டாரையும் தொடுபவர்கள் வேலை நேரத்தில் இதைக் கழற்றி வைத்துவிட வேண்டும். மெல்லிய சங்கிலி என்றால் மாட்டினால் அறுந்துபோகும். இது அறுந்துபோகாது, கையை உள்ளே இழுத்துவிடும். மாட்டைப் பிடித்து நடக்கும்போதும் தும்புக்கயிற்றை இந்தக் காப்பில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. கடைக் கயிற்றில் பின்னிய காப்பை அவிழ்த்து ஆளைத் தூக்கவோ, மரம் ஏறவோ நம்ப வேண்டாம். 250 கிலோ என்பது தரச் சோதனை செய்த நைலான் பாராகார்டின் கணக்கு. டிராகார்டுக்கு அப்படி எந்த வாக்குறுதியும் இல்லை. முடிச்சு விழுந்த இடத்தில் எந்தக் கயிறும் பலம் குறையும். கூடாரம் கட்ட, செருப்பு வார் அறுந்தால் சமாளிக்க, மூட்டை வாய் கட்ட என்று சில்லறைக் காரியங்களுக்குச் சுமார் இரண்டரை மீட்டர் கயிறு கையில் இருப்பது வசதிதான்.

வேர்வை ஏறினால் நாற்றம் வரும். வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் உட்புறத்தைத் தேய்த்து, துண்டில் சுருட்டி அமுக்கி, நிழலில் காயப்போடுங்கள். வாட்ச் பட்டை என்றால் வாட்ச்சைக் கழற்றிவிட்டுத்தான். நைலான் வெயிலில் நாள்கணக்கில் கிடந்தால் பலமும் நிறமும் குறையும், பைக் ஹேண்டிலில் மாட்டிவிட்டுப் போகாதீர்கள். கோணிப்போன காப்பை ஈரத்தோடு நேராக இழுத்து அட்டையில் கட்டி ஒரு ராத்திரி வைத்தால் ஓரளவு நிமிரும்.

பரிசாகக் கொடுக்க நினைத்தால் அவருடைய மணிக்கட்டு அளவைக் கேட்டு விஷயத்தை உடைக்க வேண்டாம். அவர் கழற்றி வைத்த வாட்ச்சை எடுத்து, தோல் பட்டையில் வழக்கமாகப் போடுகிற ஓட்டையைப் பாருங்கள், அது மட்டும் தேய்ந்து அகன்றிருக்கும். அதில் மாட்டி, உட்புறச் சுற்றளவை ஒரு நூலால் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அளவோடு இரண்டரை செ.மீ. கூட்டினால் காப்பின் நீளம் கிடைத்துவிடும்.